சனிக்கிழமை கோஸ் மட்டும் தேறியது

5

வாரத்தில் ஐந்து நாள் ஒன்றுக்கும் உதவாத முட்டைக்கோஸ், சனிக்கிழமை மட்டும் யோக்கியமாகிவிடுகிறது. அதற்காக ஒரு பெண்ணை வேலையை விட்டுத் துரத்தப் போகிறார்கள். வழக்கு இவ்வளவுதான்.

ஸ்கூட்டர் ஓட்டிய சரசா சொல்ல, பின் சீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது ஜோஷுவாவுக்குச் சிரிப்பு வந்தது. கோந்த்வாவில் அந்த உணவுச் சோதனை லேபின் மாடிப்படி ஏறி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும், வந்த சிரிப்பு வந்த வழியே இறங்கிப் போனது.

ஜோஷுவா புனேவுக்கு வந்து எட்டு மாதம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று திருநெல்வேலியில் ரயில் ஏறினான். வந்து இறங்கியபோது கம்பெனி இருந்த மாடியில் ஜிம் இருந்தது. இப்போது வானவடியில், பங்க்சர் கடைக்கு மேலே இரண்டு அறையில் இயங்கும் சரசா துப்பறியும் நிறுவனத்தின் ஒரே உதவியாளன். ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் இன்னும் கம்ப்யூட்டர் கம்பெனி நடந்துகொண்டிருந்தது. பயம் வந்தால் அவனுக்கு வாய் நீளும். எட்டு மாதமாகவே வாய் நீளமாகத்தான் இருந்தது.

சரசா கோயமுத்தூர்க்காரி. வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களையும் முழுகிய லாரிகளையும் விசாரித்தவள். யார் என்ன சொன்னாலும் முகத்தில் ஒரே பாவம்தான்: பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாவம்.

"லெட்டர் ரெடியா இருக்கும்மா" என்றார் லேபின் முதலாளி கல்யாணசுந்தரம். நெற்றியில் பளிச்சென்று நாமம். மேஜை மேல் ஒரு தாளை நகர்த்தினார். "ரெண்டு மணிக்கு ஹாலந்துக்கு ஃபேக்ஸ் போகணும். ஒரே ஒரு வரி காலியா விட்டிருக்கேன். லஞ்சம் எப்படிக் கைமாறினதுன்னு. அதை நீங்க ரொப்பிக் குடுத்தாப் போதும்."

"கோடிட்ட இடத்தை நிரப்புகவா?" என்றான் ஜோஷுவா. "எத்தனை மார்க் சார்?"

கல்யாணசுந்தரம் அவனைப் பார்த்தார். சரசா பார்க்கவில்லை.

"மொதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் சொன்னார். சாகண் பக்கத்தில் கோபிராஜ் என்று ஒரு கம்பெனி. முட்டைக்கோஸை நறுக்கி, வெந்நீரில் முக்கி எடுத்து, காயவைத்துச் சருகாக்கி, ஹாலந்தில் சூப் பொட்டலம் போடுகிறவர்களுக்கு அனுப்புகிறது. பச்சைக் கோஸை நறுக்கினால் மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அந்தக் காரத்தில்தான் உடம்புக்கு நல்லது செய்யும் சத்து இருக்கிறது. அது சருகிலும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். இருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது இந்த லேப். மார்ச் மாதத்திலிருந்து பதினோரு சாம்பிள் வந்தது. ஏழில் சத்து சைபர். நான்கு தேறியது. தேறிய நான்கு லாட்டும் கப்பலேறின. ஹாலந்தில் திரும்பச் சோதித்தார்கள். நான்கும் சைபர்.

"பதினொண்ணுக்கும் கையெழுத்துப் போட்டது மல்லிகா. தேறின நாலும் சனிக்கிழமை" என்று குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை ஸ்டாஃப் யாரும் இருக்க மாட்டாங்க. நானும் அவளும்தான். அன்னிக்குன்னு பாத்து அந்தக் கம்பெனி வேன் டிரைவர் ஒரு பையோட மேல வர்றான். போகும்போது பை இருக்கறதில்ல."

"பையில என்னங்க?"

"அதைத்தாம்மா நீங்க கண்டுபிடிக்கணும்."

மல்லிகா உள்ளறையில் இருந்தாள். வேலூர்ப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் மெஷின் காட்னதைத்தான் மேடம் எழுதினேன்" என்றாள், கேட்பதற்கு முன்பே. "அந்த லெட்டர் போச்சுன்னா இந்த ஊர்ல மட்டும் இல்ல, எந்த லேப்லயும் என்னை உள்ள விட மாட்டாங்க. பொய் ரிப்போர்ட் போட்டவன்னு பேரு ஒருக்கா வந்துட்டா அவ்ளோதான். ஆறு வருஷ சர்வீஸ் மேடம்."

"உக்காரு கண்ணு. எப்படி டெஸ்ட் பண்றீன்னு காட்டு."

மல்லிகா காட்டினாள். சருகை மிக்ஸியில் பொடியாக்குவது. பொடியைத் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் வைப்பது. வருகிற காரத்தை மெஷின் அளக்கும்.

"அந்தக் காரத்துக்குப் பேரு ஐசோதயோசயனேட்."

"அந்தப் பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள கோஸு வெந்துரும்லா" என்றான் ஜோஷுவா.

மல்லிகா சிரிக்கவில்லை. "வெந்தா அது வராது சார். அதான் விஷயமே. கோஸ்ல ரெண்டு சரக்கு இருக்கு, தனித்தனி ரூம்ல. கத்தி பட்டா சுவர் இடிஞ்சு ரெண்டும் சேரும். சேந்தாத்தான் காரம். ஒண்ணு மூலச்சரக்கு, சூடு தாங்கும். இன்னொண்ணு அதைக் காரமா மாத்துற என்ஸைம், சூடு தாங்காது. வெந்நீர்ல முக்கினதுமே செத்துடும். அதனால கோபிராஜ் சருகுல சைபர் வந்தா நியாயம். நாப்பது வந்துதுன்னா..." நிறுத்தினாள். "எனக்கே புரியல மேடம். அதையும் எழுதி வச்சிருக்கேன் பாருங்க."

நோட்டில் தேறிய நான்கு எண்களுக்குப் பக்கத்திலும் பென்சிலில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

வெளியே வந்ததும் ஜோஷுவா கிசுகிசுத்தான். "நமக்குச் சம்பளம் குடுக்கவரு அவரு. நாம இந்தப் பொண்ணு பக்கம் சாயுதமா மேடம்?"

"லஞ்சம் வாங்கினவ ஏழு சைபர் போடுவாளா? போட்ட நாலு நம்பருக்கும் கேள்விக்குறி வெப்பாளா?"

"ரொம்பப் புத்திசாலியா இருந்தா வெப்பா."

"அத்தனை புத்தி இருந்தா சனிக்கிழமையா பாத்துப் பண்ண மாட்டா. கீழ வா. இன்னைக்குச் சனிக்கிழமை. வேன் வர்ற நேரம்."

மழை தூறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரை மணிக்குக் கோபிராஜ் வேன் வந்து நின்றது. டிரைவரின் பெயர் பண்டரி. நெற்றியில் செந்தூரம், ஒரு கையில் சாம்பிள் டப்பா, இன்னொரு கையில் மஞ்சள் பை.

ஜோஷுவா குறுக்கே போய் நின்றான். பையில் என்ன என்று கேட்க, தன்னிடமிருந்த இந்தியை மொத்தமாகத் திரட்டினான். "பையா... தைலி மே... க்யா?"

பண்டரி பையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு குற்றவாளி அவனைப் பார்த்துப் பயப்படுகிறான்.

சரசா மராத்தியில் நிதானமாக நாலு வார்த்தை பேசினாள். பண்டரியின் முகம் மலர்ந்தது. பையைத் திறந்து காட்டினான். உள்ளே அரை மூடித் தேங்காய். மேலே ரெண்டு எருக்கம்பூ ஒட்டியிருந்தது.

"என்ன சொல்லுதான்?"

"வர்ற வழியில மாருதி கோயில் இருக்குதாம். சனிக்கிழமை மாருதிக்கு விசேஷம். ஒரு மூடி சாமிக்கு, இந்த மூடி மேல இருக்கற மேடத்துக்குப் பிரசாதம். மொத சனிக்கிழமை சாம்பிள் தேறிச்சாம். இவனோட ராசின்னு மானேஜர் சொன்னாராம். அன்னையில இருந்து தேங்காய் உடைக்கறானாம். உடைச்ச சனிக்கிழமை ஒண்ணுகூடத் தப்பலையாம். மத்த நாள்ல வேற டிரைவர். தேங்காயும் கெடையாது, பாஸும் கெடையாது."

"மாருதிராயாச்சீ க்ருபா" என்று பண்டரி கைகூப்பினான்.

ஜோஷுவாவும் எதற்கும் இருக்கட்டும் என்று கைகூப்பினான். "கேஸ் முடிஞ்சுது மேடம். கோஸுக்கு உயிர் குடுத்தது சாமி. கோடிட்ட இடத்துல மாருதின்னு எழுதிருவோம். அவரு பேர்ல யாரும் கேஸ் போட முடியாதுல்லா."

அவன் கிண்டலுக்குச் சொன்னான். சரசா நின்றுவிட்டாள்.

"போட முடியாது. ஆனா மொத வாட்டி போக, உடைச்சா பாஸ், உடைக்காட்டி ஃபெயில்னா, விஷயம் அந்தத் தேங்காய்லதான் இருக்குது. எங்கிட்ட ஒரு குடோன் கேஸ் வந்துச்சு. முதலாளி வெளியூர் போனாத் தீப்பிடிக்கும். எல்லாரும் முதலாளியவே பாத்தாங்க. நான் அவரு ஊர்ல இல்லாதப்ப பூனைக்கு யாரு சோறு போடறாங்கன்னு பாத்தேன். அவன் பத்தவெச்ச அடுப்புலதான் தீயே." மேலே நடந்தாள். "நீ அந்த மூடியை விடாதே. அது எங்க போகுதோ அங்க போ."

"தேங்காய ஷேடோ பண்ணணும். எங்கம்மா கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஆனாலும் பின்தொடர்ந்தான். பண்டரி மாடியேறி மல்லிகாவிடம் மூடியைக் கொடுத்துவிட்டு, காலிப் பையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். மல்லிகா கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேன்ட்ரி அலமாரியில் வைத்துவிட்டு, சாம்பிள் ரெஜிஸ்டரில் பண்டரியிடம் கையெழுத்து வாங்க முன்னறைக்குப் போனாள். மூடி தனியாக இருந்தது. ஜோஷுவா தண்ணீர் ஃபில்டருக்குப் பின்னால் நின்றான்.

நான்கு நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் கல்யாணசுந்தரம் வந்தார். சுற்றுமுற்றும் பார்க்கவே இல்லை. மூடியை எடுத்தார், கத்தியால் நாலு சில்லு கீறினார், அதையும் டிபன் கேரியரிலிருந்து எடுத்த சின்ன பொட்டலத்தையும் கொண்டு லேபுக்குள் போனார். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. குழாய்த் தண்ணீர் ஓடியது. நின்றது. கிண்ணத்தில் வெளிர் பச்சையாக ஒரு விழுதோடு திரும்பி வந்தவர், ஜோஷுவாவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னப்பா இங்க?"

"தண்ணி குடிக்கேன் சார்."

"டம்ளர் எங்க?"

"இனிமேதான் சார் டம்ளரைக் கண்டுபிடிக்கணும்."

அவன் போய்ச் சொன்னதும் சரசா பேன்ட்ரிக்கு வந்தாள். கல்யாணசுந்தரம் வாழையிலையை விரித்துச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை பெருமாளுக்கு ஒருபொழுது" என்றார் சங்கோஜமாக. "காலைல இருந்து பச்சைத் தண்ணிதான். இந்த ஒரு வேளைதாம்மா நமக்குச் சாப்பாடு. அதனால கொஞ்சம் முறையா இருக்கட்டும்னு ஒரு வெள்ளரிக்காய்ப் பச்சடி."

"வீட்லயே கலந்து எடுத்துட்டு வரலாமேங்க?"

"அதெப்படி? பச்சைக் கடுகும் பச்சை மொளகாயும் தேங்காயோட அரைச்சு விடற பச்சடி. காலைல கலந்தா மத்தியானத்துக்குள்ள கசந்துடும். வாயில வைக்க முடியாது. பேன்ட்ரி மிக்ஸி பிப்ரவரில புகைஞ்சு போச்சு. அதான் உள்ள இருக்கற மிக்ஸில... நல்லாக் கழுவித்தான் வைக்கிறேன்."

"தேங்காய்?"

"மொத தடவை வீட்லேருந்து கொண்டுவந்தேன். அப்புறம் பாத்தா சனிக்கிழமை சனிக்கிழமை அலமாரில ஒரு மூடி இருக்கு. யாரோ கோயிலுக்குப் போயிட்டு வர்றாங்கன்னு..." அவர் முகத்தில் ஏதோ ஓட ஆரம்பித்தது. ஆனால் எங்கே ஓடுகிறது என்று இன்னும் அவருக்குத் தெரியவில்லை.

"மல்லிகா" என்று சரசா கூப்பிட்டாள். மல்லிகா வந்தாள். "உன் மிக்ஸி ஜாடியில இப்பத்தான் தேங்காய், பச்சை மொளகா, பச்சைக் கடுகு மூணும் அரைச்சிருக்குது. பச்சைத் தண்ணில கழுவி வெச்சாச்சு. இந்த மூணுல எதுக்காச்சும் உன் கோஸ்கூடச் சம்பந்தம் உண்டா?"

மல்லிகா கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"கடுகு" என்றாள். "கடுகும் கோஸும் ஒரே குடும்பம் மேடம். கோஸ்ல செத்துப்போகுதே என்ஸைம், அதே சாதி பச்சைக் கடுகுலயும் இருக்கு. கோஸ்ல இருக்கறதவிட ஜாஸ்தி. கடுகு அரைச்சா நெடி ஏறுதே, அது வேலைதான். சருகுல மூலச்சரக்கு சும்மாத்தான் கெடக்கு, ஆள் இல்லாம. ஜாடியோட பிளேடுக்கு அடியில துளி விழுது ஒட்டியிருந்தாக்கூடப் போதும்..."

"தாளிச்ச கடுகா இருந்திருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது. எண்ணெய்ல பொரிஞ்சா அதுவும் செத்துடும். சுடுதண்ணில ஜாடியைக் கழுவியிருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது மேடம்."

கல்யாணசுந்தரத்தின் கை சோற்றில் நின்றது. "எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரிம்மா நான்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"இதெல்லாம் வாய்ப்பேச்சு" என்றாள் சரசா. "நாங்க இன்சூரன்ஸ்ல வாய்ப்பேச்சுக்குப் பணம் குடுக்கறதில்லீங்க. செஞ்சு காட்டு கண்ணு."

கல்யாணசுந்தரம் இலையை அப்படியே விட்டு எழுந்தார். பண்டரி கொண்டுவந்த டப்பாவைப் பிரித்து மல்லிகா ஒரே சருகை இரண்டு பங்காக்கினாள். ஒரு பங்கைப் பீங்கான் கல்வத்தில் போட்டுக் கையால் இடித்தாள். இன்னொரு பங்கை அந்த மிக்ஸி ஜாடியில் அரைத்தாள். அரைப்பதற்கு முன்பு, ஜாடியில் வெறும் தண்ணீர் விட்டு ஒரு சுற்று சுற்றி அதையும் தனியாக எடுத்து வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றான் ஜோஷுவா.

"நெடி கடுகோடதுதான்னு சார் நாளைக்குச் சொல்லக் கூடாதில்ல? ஜாடியில மட்டும் எவ்ளோ இருக்குன்னு பாத்துடணும்."

அரை மணி நேரம். கல்யாணசுந்தரத்தின் வயிறு மட்டும் இரண்டு முறை பேசியது. ஜோஷுவாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெண் கடிகாரத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினான். அந்த மெஷின் தப்பாக ஒரு எண் காட்டினால், இவளும் நாளைக்கு ஊருக்குப் பொய்யாகக் கடிதம் எழுத ஆரம்பிப்பாள் என்று தோன்றியது.

மெஷின் எண்களைக் காட்டியது.

கல்வத்தில் இடித்த சருகு: சைபர்.

ஜாடி கழுவிய வெறும் தண்ணீர்: இரண்டு.

ஜாடியில் அரைத்த சருகு: முப்பத்தெட்டு.

மல்லிகா மூன்றையும் நோட்டில் எழுதினாள். இந்தத் தடவை கேள்விக்குறி போடவில்லை.

"ஏனுங்க சார், நீங்க கேட்ட வரியை ரொப்பிக்கலாமுங்களா?" என்றாள் சரசா. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அதே முகம். "லஞ்சம்: அரை மூடித் தேங்காய். குடுத்தவன் பண்டரி. வாங்கினவங்க மல்லிகா. சாப்பிட்டது நீங்க."

ஜோஷுவாவால் அதற்கு மேல் முடியவில்லை. "மாருதி உண்மையிலயே பாஸ் போட்டிருக்காரு மேடம். அவரு தேங்காய்தான் பச்சடியாச்சு, பச்சடிதான் ஜாடியில ஒட்டுச்சு, ஜாடிதான் பாஸாக்குச்சு. பாஸானதால மறுபடி தேங்காய். பண்டரிகிட்ட இத எப்படிச் சொல்லுவீங்க? மதம் மாறிருவான்."

"நான் சொல்லப் போறதில்ல. கும்பிட்டதுக்குப் பலன் கெடைச்ச ஒரே ஆளு அவன்தான்."

கல்யாணசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி ஒன்றே முக்கால். மேஜை மேல் அந்தத் தாள் இருந்தது. அதை எடுத்து நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி. வேற லெட்டர் போட்டுடலாம்" என்றார். "மல்லிகா, கம்ப்யூட்டர்ல உக்காரு. 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் நான்கு ரிப்போர்ட்டுகளும் திரும்பப் பெறப்படுகின்றன.'"

மல்லிகா தட்டச்சு செய்யவில்லை.

"என்ன காரணம்னு கேப்பாங்க சார்."

"சரி. 'அரைக்கும் கருவியில் முந்தைய பொருளின் எச்சம்.'"

"என்ன பொருள்னு கேப்பாங்க."

"கடுகுன்னு போடேன்."

"நம்ம லேப்ல கடுகு டெஸ்ட்டே கெடையாது சார். கடுகு எப்படி வந்துதுன்னு கேப்பாங்க. நான்தான் வேணும்னு போட்டேன்னு நினைப்பாங்க."

கல்யாணசுந்தரம் சரசாவைப் பார்த்தார். சரசா ஜன்னலைப் பார்த்தாள். ஜோஷுவாவைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

"வெளிநாட்டுக்காரனுக்குப் பச்சடின்னு எப்படிம்மா எழுதறது?" என்றார். குரல் கிட்டத்தட்ட அழுதது. "முப்பது வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன்."

"நான் ஆறு வருஷமா இருக்கேன் சார்" என்றாள் மல்லிகா. "காலைல நீங்க எழுதின லெட்டர்ல என் பேரை முழுசா, இனிஷியலோட போட்டிருந்தீங்க."

அவளே தட்டச்சு செய்தாள். லேபின் முதலாளி தமது மதிய உணவுக்காகப் பச்சைக் கடுகு அரைத்த ஜாடியை வெந்நீரில் கழுவாமல் வைத்ததால் நான்கு ரிப்போர்ட்டுகள் தவறாயின. மல்லிகா எழுதிய பதினோரு எண்களும் மெஷின் காட்டியவையே. இன்றைய மூன்று சோதனைகளின் விவரம் இணைக்கப்பட்டுள்ளது. ஒரு பக்கம். கீழே கையெழுத்துக்கு இடம்.

கல்யாணசுந்தரம் படித்தார். பேன்ட்ரிப் பக்கம் பார்த்தார். இலையில் சோறு ஆறிப்போயிருந்தது. "பசி கண்ணை அடைக்குதும்மா. சாப்பிட்டுட்டு வந்து போடறேனே."

"மொதல்ல கையெழுத்து சார்."

போட்டார்.

மல்லிகா தாளை ஃபேக்ஸ் மெஷினில் வைத்து எண்களை அழுத்தினாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மழைக்கு லைன் கரகரத்தது. கல்யாணசுந்தரம் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கையைச் சோற்றுக்கு மேலே வைத்துக்கொண்டு, அவளையே பார்த்தார். மூன்றாவது தடவை லைன் பிடித்தது. தாள் உள்ளே போக ஆரம்பித்தது. அங்குலம் அங்குலமாக, ஒவ்வொரு வரிக்கும் யோசித்து யோசித்து, முழுசாக ஐந்து நிமிஷம் போனது. கடைசியில் பீப் என்று ஒரு சத்தம்.

மல்லிகா வெளியே வந்த சீட்டைக் கிழித்துப் படித்தாள். நோட்டில் ஒட்டினாள். தேதி போட்டாள்.

"போயிடுச்சு" என்றாள். "இப்ப சாப்பிடுங்க சார்."